“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பதை ஏன் நிறுத்தினேன்

“பரவாயில்லை, டாக். குறை சொல்ல ஒன்றுமில்லை.”

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. இங்கே வயதான பண்ணை வீட்டுப் பெண்களிடம் நலம் விசாரித்தால் இந்தப் பதில்தான் வரும். அந்தப் “பரவாயில்லை”க்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். நிஜமாகவே நன்றாக இருக்கலாம். நான்கு நாளாகப் படுத்துத் தூங்க முடியாமல் நாற்காலியிலேயே இரவைக் கழித்துக்கொண்டும் இருக்கலாம். எந்தப் “பரவாயில்லை” எது என்று பிரித்தறிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் ஓர் அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

நான் விசா நிபந்தனைப்படி மூன்று வருடம் டாக்டர் பற்றாக்குறை உள்ள கிராமப்புறத்தில் வேலை பார்க்க வந்தவன். மூன்று வருடம் முடிந்தும் போகவில்லை. எங்களுடையது 25 படுக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத சிறிய ஆஸ்பத்திரி. தூரத்துக் கிராமங்களின் ஆஸ்பத்திரிகள் மூடிவிடாமல் இருக்க 1997-ல் தொடங்கிய திட்டத்தின் கணக்கு அது. சுற்றிலும் மக்காச்சோளம், சோயா, பன்றிக் கொட்டகைகள்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிறந்தது 1930. கல்யாணம் 1950. ஐந்து பிள்ளைகள். நான் முதலில் பார்த்தபோது கணவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கோப்பில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று இருந்தது.

உடம்பு வேறு கதை சொன்னது. வலது முழங்கையின் உள்மடிப்பில் தழும்பு. சிறுமியாக இருந்தபோது துணி பிழியும் உருளைகளுக்கு நடுவே கை மாட்டிக்கொண்டது. பெட்ரோல் இன்ஜினில் ஓடிய சலவை இயந்திரம் அது. 1930-களின் நடுவில் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சட்டம் 1936-ல் வந்தது. இவர்கள் வீட்டில் முதல் பல்பு எரிந்தபோது இவருக்கு ஒன்பது வயது. “பல்பு வந்த பிறகுதான் வீடு எவ்வளவு அழுக்கு என்று அம்மாவுக்குத் தெரிந்தது” என்பார்.

இடது காது வலது காதைவிட மந்தம். டிராக்டர் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது. பின்னால் இழுத்துவரும் கருவியை வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதால் இடது காது இன்ஜின் பக்கம் போய்விடும். இல்லத்தரசிக்கு ஏன் டிராக்டர்காரரின் காது? கேட்டேன். “வேறு யார் ஓட்டுவது? அவர் விதைத்துக்கொண்டிருப்பார்” என்றார்.

இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்பு பண்ணை நடத்துகிறவர் ஆணா பெண்ணா என்று கேட்கத் தொடங்கியதே 1978-ல்தான். 2002 வரை ஒரு பண்ணைக்கு ஒரே ஒருவரைத்தான் பதிவு செய்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் கணவர். கணக்குப்புத்தகம் எழுதியது, கோழி வளர்த்து முட்டைப் பணத்தில் மளிகை வாங்கியது, இரவு இரண்டு மணிக்குக் குட்டி போடும் பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் கணக்கில் வரவில்லை. வரிச் சட்டமும் அப்போது அப்படித்தான் இருந்தது. கணவன் இறந்தால், கூட்டுப் பெயரில் இருந்த நிலத்துக்குத் தன் பணமும் போயிருக்கிறது என்று மனைவிதான் நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் மொத்தமும் கணவன் சொத்தாகக் கருதப்பட்டு வாரிசு வரி போடப்பட்டது. கணவன் மனைவிக்கு விட்டுப்போவதற்கு வரியே இல்லை என்று ஆனது 1981-ல் நிறைவேறிய சட்டத்தால்தான்.

அதே வருடத்திலிருந்து அயோவாவில் நிலத்தின் விலை சரியத் தொடங்கியது. 1986-க்குள் மூன்றில் ஒரு பங்கு மதிப்புதான் மிச்சம். கடன் வாங்கி நிலம் சேர்த்தவர்கள் ஏலத்தில் எல்லாவற்றையும் இழந்தார்கள். இவர் அப்போது ஐம்பத்து நான்கு வயதில் ஊருக்குள் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போனார். சம்பளத்தைவிட முக்கியம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தது. பதினோரு வருடம் ஆட்களைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை. முதுகுவலி எப்போது வந்தது என்று கேட்டால் “அப்போதிருந்தே உண்டு” என்று முடித்துவிடுவார். நானும் அங்கேயே முடித்துவிட்டேன். தப்பு.

அறுபத்தைந்து தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்கப் பரிந்துரை. இவரிடம் சொன்னேன். “அறுவடை முடியட்டும்” என்றார். சரி என்றேன். அடுத்த முறை விதைப்பு, அதற்கடுத்தது பேரனின் பட்டமளிப்பு. இரண்டு வருடத்தில் நான்கு முறை வந்திருக்கிறார். நான்கு முறையும் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறேன், “பரவாயில்லை” என்ற பதிலை வாங்கி, ‘வயதுக்கேற்ற நலத்துடன் இருக்கிறார்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

2018 அக்டோபரில் ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் பேஸ்மென்ட் படியில் விழுந்தார். மகன்கள் இரண்டு மைல் தள்ளிச் சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரவு ஒன்பதுக்குத்தான் ஒருவன் வந்து பார்த்தான். பதினோரு மணிநேரம் சிமெண்ட் தரையில். தசை நசுங்கிச் சிறுநீரகமும் அடிவாங்கியிருந்தது. ஆபத்துக்கு அழுத்தும் பொத்தான் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். அது சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஏன் கழுத்தில் போடவில்லை என்று நான் பிறகு கேட்டபோது, “அழுத்தினால் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்களே” என்றார்.

பல வருடங்களாக அறுவடைக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவது இவர் வழக்கம். அது அப்போதும் நடந்திருந்தால் ஆறேகாலுக்கே தேடியிருப்பார்கள். போன வருடமே நிறுத்திவிட்டாராம். அதை யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து மாநிலத்துப் பெரிய நகரமான சூ ஃபால்ஸில் அறுவை சிகிச்சை முடிந்து நடைப் பயிற்சிக்கு எங்களிடமே திரும்பி வந்தார். அப்போது மகள் பேஸ்மென்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்து ஒரு விஷயம் சொன்னாள். கீழே அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். கோடையில் விளைந்ததை வேகவைத்து அடைத்துக் குளிர்காலத்துக்கு வைப்பது இந்த ஊர்ப் பழக்கம். மூடியில் வருடம் எழுதுவார்கள். 2015-ன் வரிசையில் பீன்ஸ், சோளம், தக்காளி, பீச் பழம், பீட்ரூட் ஊறுகாய் எல்லாம் இருந்தன. 2016-ல் பீன்ஸும் சோளமும் இல்லை. அவற்றை மட்டும் பிரஷர் கேனர் என்ற பெரிய குக்கரில்தான் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே உலைவைக்கும் பாட்டுலிசம் நஞ்சு வரலாம். அந்தக் கேனர் கனமானது. 2017-ல் பீட்ரூட் ஊறுகாய் மட்டும். 2018 என்று எழுதிய மூடியே இல்லை.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நசுங்கியிருந்தன, பழைய முறிவுகள். உயரம் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. அவருக்கே அது தெரியும், வேறு விதமாக: “உடையெல்லாம் தரையில் இழுபட ஆரம்பித்தது. கீழ்மடிப்பை ஏற்றித் தைத்துக்கொண்டேன்.” என் கோப்பில் இல்லாத நோய் வரலாறு அவருடைய தையல் பெட்டியிலும் ஜாடி மூடியிலும் இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அறுபத்தைந்து தாண்டியவர்களில் வருடத்துக்கு நான்கில் ஒருவர் விழுகிறார். விழுந்தவர்களில் பாதிப்பேர்கூட டாக்டரிடம் அதைச் சொல்வதில்லை. இவர் பிழைத்தார். ஆனால் பண்ணை வீட்டுக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு என் கேள்வியை மாற்றிவிட்டேன். “போன வருடம் செய்து, இந்த வருடம் நிறுத்தியது என்ன?” அவ்வளவுதான். நோயைப் பற்றிக் கேட்டால் இவர்களுக்குப் புகார் சொல்வதுபோல் கூச்சம். வேலையைப் பற்றிக் கேட்டால் சரளமாகப் பேசுவார்கள். “பரவாயில்லை” சொல்ல அதில் இடமில்லை. சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் பக்தி குறையவில்லை, பிரசங்கம் காதில் விழவில்லை. அல்லது ஒரு மணிநேரம் சிறுநீரை அடக்க முடியவில்லை, அதைச் சொல்ல வெட்கம். இரவில் கார் ஓட்டுவதை விட்டவருக்குக் கண்புரையாக இருக்கலாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எழுதுவதை விட்டிருந்தால் கை நடுக்கமா, மறதியா, மனச்சோர்வா என்று பார்க்கிறேன். சீட்டாட்டத்துக்குப் போவதை விட்டவரிடம், கணக்கு வைக்க முடியாமல் போனதா என்று அறிய, இப்போது யார் ஸ்கோர் எழுதுகிறார்கள் என்று கேட்பேன். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்வேன். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். டென்வரிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்து, “அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், வழக்கம்போல மூன்று வகை கேக் செய்திருந்தாள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். (ஊரில் இருக்கும் என் அம்மாவும் போனில் “எனக்கென்னடா குறை” என்றுதான் சொல்வாள். நான் யாரைச் சொல்வது?) கேக்கை விடுங்கள். மருந்து இழுப்பறையைத் திறந்து பாருங்கள். தூக்கத்துக்கென்று கடையிலேயே வாங்கும் ‘பி.எம்’ மாத்திரைகளில் பெரும்பாலும் டைஃபென்ஹைட்ரமின் இருக்கும். முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரும் மருந்து அது. பெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

பேஸ்மென்டுக்கு வந்தால் இன்னொன்று. அயோவாவின் 99 கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) ரேடான் என்ற கதிரியக்க வாயு அதிகமுள்ள பகுதிகள். மண்ணிலிருந்து கசிந்து கீழ்த்தளத்தில் தங்கும், மணமும் நிறமும் கிடையாது. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதற்கு அடுத்த காரணம் இதுதான். சோதனை டப்பா மலிவு. கிணற்றுத் தண்ணீரையும் வருடத்துக்கு ஒரு முறை சோதியுங்கள். தனியார் கிணறுகளுக்கு மத்திய அரசின் குடிநீர்ச் சட்டம் பொருந்தாது. கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கும் நைட்ரேட் கைக்குழந்தைகளை நீலம் பாரிக்கச் செய்யும் என்று 1945-ல் முதலில் எழுதியவர் ஹன்டர் காம்லி, இதே அயோவாவின் டாக்டர். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இந்த அம்மா 1951-ல் மூத்த பிள்ளையின் பால்புட்டிக்குப் பக்கத்து வீட்டு ஆழ்கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்திருக்கிறார். எந்தக் கிணறு நல்லது என்று மாமியார் சொன்னாராம்.

அவர் 2021-ல் தொண்ணூற்றொன்றில் போனார். சவ அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும். பரிமாறியவர்களில் பாதிப்பேர் என் நோயாளிகள்.

அவர்களில் ஒருவர் போன வாரம் வந்தார். எண்பத்தொரு வயது, ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர். எதை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “ஒன்றும் இல்லையே” என்று கைப்பையை மூடினார். எழுந்து கோட்டை மாட்டும்போது, “பாடகர் குழுவை விட்டுவிட்டேன். நீளமான வரிகளுக்கு மூச்சு பத்தவில்லை. அது ஒரு விஷயமா?” என்றார்.

கோட்டைக் கழற்றச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன்.