விமானம் ரத்தானால் எவ்வளவு கிடைக்கும்? தூரத்தை விடுங்கள், டிக்கெட்டைப் பாருங்கள்

தூத்துக்குடி – சென்னை வான்வழித் தூரம் சுமார் 530 கிலோமீட்டர், மதுரை – சென்னை சுமார் 420. இணையத்தில் தேடினால் தூரத்தோடு பறக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். விமானம் ரத்தானால் அதை வைத்து இழப்பீட்டுக் கணக்குப் போடாதீர்கள். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு இயக்குநரகம்) விதிக்கு வேண்டியது ‘பிளாக் டைம்’. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, போய்ச்சேர்ந்து நிற்கும்வரை உள்ள நேரம் அது. டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பாருங்கள். அது ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000.

சரி, 7,500 கைக்கு வருமா? பெரும்பாலும் வராது. அந்தத் தொகை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இரண்டில் எது குறைவோ அதுதான். அடிப்படைக் கட்டணம் 2,600 என்று இருந்தால் உங்கள் கணக்கு அங்கேதான் தொடங்கும். டிக்கெட் பணம் திரும்ப வருவது தனி, இது தனி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் விடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்து என்று சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்பு வரை சொல்லிவிட்டாலும் மாற்று விமானமோ முழுப் பணமோதான்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். டிக்கெட் போடும்போது தொடர்பு எண்ணைச் சரியாகக் கொடுக்காதவருக்கு இழப்பீடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிடுகிறார், தகவல் அவருக்குப் போகிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்த பெரியவரிடம் “மெசேஜ் அனுப்பிட்டோமே சார்” என்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. டிக்கெட்டை வாங்கியதும் அதில் யார் எண் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், காரணம். வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை. விமானத்தின் தொழில்நுட்பக் கோளாறு அந்தப் பட்டியலில் இல்லை. “ஆபரேஷனல் ரீசன்” என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அறிவிப்புத் திரையைப் படம் எடுங்கள், வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். பணத்துக்குப் பதில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெறும் தாமதத்துக்கு இந்த விதியில் ரொக்கம் கிடையாது. இதுபோன்ற குறுகிய பயணங்களில் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். கேட்காதவரை ஒரு ஜூஸ் டப்பாகூட வராது, போய்க் கேளுங்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமா முழுப் பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்.

கவுன்ட்டரில் கஸ்டமர் கேர் என்பார்கள், கஸ்டமர் கேரில் ஏஜென்ட் என்பார்கள், ஏஜென்ட் கம்பெனி என்பார். ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். முதலில் அவர்களுக்கே மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள், தொலைபேசியில் பேசியது எதற்கும் சாட்சியாகாது. நகராவிட்டால் ஏர்சேவா, விமானப் பயணிகள் புகாருக்கான மத்திய அரசு இணையதளம். அதிலும் புகாரை ‘முடிந்தது’ என்று மூடிவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய சேவை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.