அரசு அலுவலகங்களுக்கும் கார்பன் கணக்கு உண்டு: விதிகள் எப்படி வேலை செய்கின்றன?

தொழிற்சாலைக்கும் வாகனத்துக்கும் உமிழ்வு வரம்பு போடும் அரசே ஒரு பெரிய மின் நுகர்வோர். வண்டிகளும் அதனிடம் ஏராளம். அமெரிக்க மத்திய அரசை மட்டும் எடுத்துக்கொண்டால் 3 லட்சம் கட்டடங்கள், 6 லட்சம் கார்களும் டிரக்குகளும், ஆண்டுக்கு 65,000 கோடி டாலர் கொள்முதல். 2021 டிசம்பரில் வந்த அதிபர் ஆணையே சொல்லும் கணக்கு இது. அதனால்தான் பல நாடுகள் தங்கள் துறைகளுக்கென்றே தனியாகக் கார்பன் குறைப்பு விதிகளை வைத்திருக்கின்றன. பிரிட்டனில் பசுமை அரசு உறுதிமொழிகள், நியூசிலாந்தில் 2020 டிசம்பரில் அறிவித்த கார்பன் சமநிலை அரசுத் திட்டம், ஆஸ்திரேலியாவில் 2030-க்குள் அரசுப் பணித்துறையை நிகர சுழிய உமிழ்வுக்கு (வெளியிடும் அளவிலிருந்து அகற்றும் அளவைக் கழித்தால் மீதி பூஜ்யம்) கொண்டுவரும் திட்டம் என்று பெயர்கள்தான் வேறு.

இவை பொதுமக்களுக்கான விதிகள் அல்ல. விண்ணப்பப் படிவமும் கிடையாது, மானியமும் கிடையாது. துறைகளுக்கு இடும் கட்டளை இவ்வளவுதான்: உங்கள் உமிழ்வை அளந்து பாருங்கள், ஓர் அடிப்படை ஆண்டைக் குறியுங்கள், அதிலிருந்து இத்தனை சதவீதம் குறையுங்கள், ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுங்கள். கேட்க எளிது. ஆனால் எந்தப் புகை யாருடைய கணக்கில் வரும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதை முடிவு செய்ய உலகம் முழுக்கப் பயன்படுவது 2001-இல் முதலில் வெளியான கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் என்ற கணக்கு முறை. அது உமிழ்வை மூன்று ஸ்கோப்பாகப் பிரிக்கிறது. துறை தானே எரிப்பது ஸ்கோப் 1: பாய்லர், ஜெனரேட்டர், சொந்த வண்டி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பில் புத்தகத்தில் உள்ள லிட்டரைப் பெருக்கினால் கணக்கு முடிந்தது. ஏசியில் இருந்து கசியும் வாயுவும் இதே ஸ்கோப்தான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து அதைவிட மோசம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை அதன் வழக்கமான பயன்பாட்டையே நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3: அலுவலர்களின் விமானப் பயணம், வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோவது, குப்பை, துறை வாங்கும் ஒவ்வொரு பொருளும் சேவையும். அளப்பதற்குக் கடினமானதும் இதுதான், பெரும்பாலும் பெரியதும் இதுதான். அதே மருத்துவச் சேவையின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ 62 சதவீதம் பொருள் வழங்குவோர் வழியாக வருகிறது.

சரி, இந்தப் பிரிவுகள் தெரிந்தால் என்ன லாபம்? அறிக்கையைப் படிக்கும்போது ஏமாறாமல் இருக்கலாம். ஒரு துறை தன் கார்களை எல்லாம் விற்றுவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வாடகைக்கு வண்டி எடுக்கிறது என்று வையுங்கள். ஸ்கோப் 1 சட்டென்று இறங்கும். புகை அதேதான், ஸ்கோப் 3-க்குக் குடிபோயிருக்கிறது. சொந்த சர்வர் அறையை மூடிவிட்டு கிளவுடுக்குப் போனாலும் ஸ்கோப் 2-இல் அப்படித்தான் ஆகும். துறையின் இலக்கு முதல் இரண்டு ஸ்கோப்புக்கு மட்டும் என்றால், இந்த இடமாற்றம் காகிதத்தில் வெற்றியாகிவிடும். ஆஸ்திரேலியாவின் 2030 இலக்கு முதல் இரண்டு ஸ்கோப்புக்குத்தான். அமெரிக்காவின் 2021 ஆணை 2030-க்குள் 65 சதவீதம் குறைக்கச் சொன்னதும் அந்த இரண்டைத்தான்.

மின்சாரத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-இல் மூடியது. நாட்டின் மின்சாரமே தூய்மையாகும்போது, ஒரு விளக்கைக்கூட அணைக்காத துறைக்கும் உமிழ்வு குறைந்ததாகத்தான் கணக்கு வரும். தவறு ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பாராட்டு துறைக்குச் சேராது. அதனால் டன் கணக்கை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்றும் பார்ப்பதே என் வழக்கம். அடிப்படை ஆண்டும் அப்படித்தான். அமெரிக்க ஆணை 2008-ஐ எடுத்தது, பிரிட்டனின் 2021–25 உறுதிமொழிகள் 2017–18-ஐ எடுத்தன. தொடங்கும் இடம் வேறு என்றால் இரண்டு சதவீதங்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

விலக்குகளையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் எரிசக்திச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு பாதுகாப்புத் துறையுடையது. ஆனால் போர் விமானமும் போர்க்கப்பலும் குடிக்கும் எரிபொருள் பெரும்பாலும் இலக்குக்கு வெளியே நின்றது.

வாகன விதிகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. பிரிட்டன் 2027 டிசம்பர் 31-க்குள் அரசு கார்கள் அனைத்தும் புகையில்லாதவையாக வேண்டும் என்றது. தேதி இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே கூர்மையான ஆயுதம் டெண்டர்தான். பிரிட்டனில் 2021 செப்டம்பர் 30 முதல், ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட மத்திய அரசு ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடும் நிறுவனம், 2050-க்குள் நிகர சுழியத்துக்கு வருவதாக உறுதி சொல்லும் கார்பன் குறைப்புத் திட்டத்தை வெளியிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டியிலிருந்தே விலக்கலாம். தனியார் மீது புதிய வரியோ தடையோ போடாமல், வாடிக்கையாளர் என்ற முறையில் மட்டும் அரசு வைக்கும் நிபந்தனை இது. திட்டம் வெறும் காகிதமாகவே நின்றுவிடலாம் என்ற குறை உண்டு. ஆனாலும் அதைத் தயாரிக்க ஒரு நிறுவனம் முதல்முறையாகத் தன் உமிழ்வை அளந்தாக வேண்டும்.

அப்புறம், இந்த விதி நிலைக்குமா என்ற கேள்வி. அமெரிக்காவில் 2009, 2015, 2018, 2021 என்று அதிபர் ஆணைகள் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே வந்தன. கடைசி ஆணை 2025 ஜனவரி 20 அன்று, புதிய அதிபர் பதவியேற்ற நாளிலேயே, ரத்தானது. அதன் 65 சதவீத இலக்கும் அதோடு போயிற்று. ஆனால் 2007-இல் நாடாளுமன்றம் இயற்றிய எரிசக்திச் சட்டம் இருக்கிறது. முக்கிய அரசுக் கட்டடங்களில் 4 ஆண்டுக்கு ஒருமுறை எரிசக்தித் தணிக்கை நடத்தச் சொல்லும் விதி அதில் உள்ளது. ஒரு கையெழுத்தில் அதை எடுத்துவிட முடியாது. இங்கிலாந்தின் மருத்துவச் சேவைக்கும் காலநிலைக் கடமை 2022-இல் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

பணம் எங்கிருந்து வரும்? நியூசிலாந்து தனி நிதி ஒதுக்கிப் பள்ளி, மருத்துவமனைகளின் நிலக்கரி பாய்லர்களை மாற்றியது. அமெரிக்காவில் துறைகள் முன்பணம் போடாமலே இதைச் செய்ய ஓர் ஒப்பந்த முறை உண்டு. தனியார் நிறுவனம் தன் ஏற்பாட்டில் முதலீடு செய்து விளக்கு, பாய்லர், குளிரூட்டும் கருவிகளை மாற்றும். மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து துறை அதைத் திருப்பித் தரும். மிச்சத்துக்கு நிறுவனமே உத்தரவாதம். ஒப்பந்தம் 25 ஆண்டு வரை போகலாம். நடுவில் ஆட்சி எத்தனை முறை மாறினாலும், பொருத்திய பாய்லரை யாரும் கழற்றிக்கொண்டு போவதில்லை.