“உங்க பேரு சிஸ்டத்துல இல்லையே, ஆச்சி”

போன வாரம் ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறைக்குப் போயிருந்தேன். தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் ஆச்சி, வீட்டு வளவுத் (உள்முற்றத்) தரைக்கு அட்வான்ஸ் கட்டிய ரசீதை மஞ்சப்பையிலிருந்து எடுத்துப் பிரித்து வைத்தார். கவுண்டரில் இருந்த தம்பி பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு “உங்க பேரு சிஸ்டத்துல இல்லையே, ஆச்சி” என்றான். பணம் கட்டியவருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும்? இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது கேஸ் இது.

பெயர் இருந்தது. டேட்டாபேஸில் வாடிக்கையாளர் டேபிளில் (அட்டவணையில்) இருந்தது, ரசீது டேபிளிலும் இருந்தது. பூ டிசைன் முடிவாகாததால் ஆர்டர் டேபிளில் மட்டும் அவருக்கு ஒரு வரி (row) இல்லை. தேடலை எழுதியவர் வாடிக்கையாளரையும் ஆர்டரையும் இன்னர் ஜாயினால், அதாவது இரண்டு டேபிளிலும் இருப்பவரை மட்டும் எடுக்கும் இணைப்பால் கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

மென்பொருள் எழுதுகிறவர்களே, தேடலில் வரவில்லை என்றால் டேட்டாவே இல்லை என்று நினைக்காதீர்கள். இன்னர் ஜாயின் இரண்டு டேபிளைச் சேர்ப்பதோடு நிற்காது, ஏதாவது ஒன்றில் இல்லாதவரை வடிகட்டியும் விடும். “நான் லெஃப்ட் ஜாயின்தானே போட்டேன்” என்பார்கள், ஆர்டர் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரை விடாமல் வைத்துக்கொள்ளும் இணைப்பு அது. போட்டிருப்பார்கள், ஆனால் கீழே வேர் (WHERE) கிளாஸில், அதாவது வரிகளை வடிகட்டும் பகுதியில் ‘ஆர்டர் நிலை நிலுவை’ என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். ஆர்டரே இல்லாதவருக்கு அந்த இடத்தில் நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத காலி இடம், அது எதற்கும் சமமாகாது, வரி விழுந்துவிடும். லெஃப்ட் ஜாயின் போட்டும் இன்னர் ஜாயின் போட்ட கதைதான். நிபந்தனையை ஆன் (ON) பகுதிக்கு, அதாவது டேபிள்களை எப்படி இணைப்பது என்று சொல்லும் இடத்துக்கு ஏற்றுங்கள்.

வரவில்லை என்றதும் கவுண்டரில் அதே ஆளைப் புதிதாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். அட்வான்ஸ் ஒரு பதிவில், டிசைன் இன்னொன்றில். கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிற கல் அது, தப்பான பூவை வார்த்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் நம்முடையது, எந்தப் பட்டியலிலும் நாலு சாத்தப்பன் இருப்பார். விலாசமும் ஊரும் சேர்ந்தால்தான் ஆள் தெரியும், அவற்றுக்குத் டேபிளில் தனித்தனி பத்தி (column) கொடுத்து, தேடல் பெட்டி அவற்றையும் பார்க்கும்படி எழுதுங்கள்.

இன்னொன்று, ஒருவருக்கு மூன்று ஆர்டர் என்றால் பெயர் மூன்று முறை வரும். உடனே டிஸ்டிங்க்ட் (DISTINCT, ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்குவது) போட்டு மறைக்காதீர்கள். மூன்று ஆர்டரோடு இரண்டு ரசீதையும் இணைத்தால் ஆறு வரி, கூட்டினால் அட்வான்ஸ் மும்மடங்காகும். ஆளைத் தேட எக்ஸிஸ்ட்ஸ் (EXISTS, ‘இருக்கிறதா’ என்று மட்டும் பார்ப்பது) போதும், தொகையைத் தனியாகக் கூட்டுங்கள்.

தேடலில் எழுத்துச் சிக்கலும் உண்டு. கொத்தமங்கலம் என்ற ஊர்ப் பெயரின் ‘கொ’வில் இருக்கும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றுங்கள். தேடல் சொல்லை எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) கட்டளையில் நேராக ஒட்டாமல் பாராமீட்டராக, அதாவது தனி மதிப்பாக அனுப்புங்கள், இதையெல்லாம் இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

ஒப்படைக்கும் முன் ஆர்டரே இல்லாத ஒரு வாடிக்கையாளரைப் பதிந்து தேடிப் பாருங்கள். கவுண்டரில் இருக்கும் தம்பிகளே, “இல்லை” என்று சொல்வதற்கு முன் ரசீது நம்பரை ஒரு தடவை தட்டுங்கள். ஆச்சி பணம் கட்டிய பதிவு அப்படித்தான் கிடைத்தது.