லாப்ரடோரின் விலா எங்கே?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "தம்பி, எங்கட ரெக்ஸ் 36 கிலோ நிக்கிறான். ஆண் லாப்ரடோர் 29இல இருந்து 36 வரைக்கும் இருக்கலாமாம். அப்ப சரிதானே?"

எதில் நிறுத்தீர்கள் என்று கேட்டேன். களுவாஞ்சிகுடியில் அவருடைய தம்பியின் நெல் ஸ்டோரில், மூட்டை நிறுக்கும் தராசில். ஆடாமல் நிற்பதற்கு ஒரு துண்டு பாண் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

தராசில் பிழை இல்லை. அந்த 29–36 என்பது அமெரிக்கக் கெனல் கிளப், வளர்ந்த ஆண் லாப்ரடோருக்கு எழுதி வைத்த இன அளவு. பெண்ணுக்கு 25–32. அதே அளவுகோலில் ஆணின் தோள் உயரம் 57 சென்ரிமீற்றரில் இருந்து 62 வரை போகிறது. குள்ளமான ஒருவனுக்கும் நெட்டையான ஒருவனுக்கும் ஒரே 36 கிலோ எப்படிப் பொருந்தும்? நெல் மூட்டைக்கு நிறை போதும். நாய்க்குள் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசு சொல்லாது.

கண்ணும் சொல்லாது. நம் கண் இரண்டு பக்கமும் கெட்டுப் போயிருக்கிறது. தெருவில் திரியும் நாய்களின் விலாவை எண்ணிப் பழகியவர்களுக்கு, அளவான லாப்ரடோர்கூட நன்றாகச் சாப்பிட்டதாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கியவருக்கோ அதே நாய் பட்டினி கிடப்பதுபோல் தோன்றும். போதாததற்கு இந்த இனத்துக்கு இரட்டை ரோமம். உள்ளே இருப்பதை அது நன்றாகவே மூடி மறைத்துவிடும்.

ஆகவே விரல். மிருக வைத்தியர்கள் பயன்படுத்தும் 1 முதல் 9 வரையான உடல்நிலைப் புள்ளி முறையில் 4, 5 என்பவை நல்லவை. அதன் உயிர்நாடியே விலாவைத் தடவிப் பார்ப்பதுதான். கையைப் பொத்திப் பிடித்து முட்டி எலும்புகளின் மேல் மற்றக் கை விரலை ஓட்டுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்து, உள்ளங்கைப் பக்கம் விரல்கள் தொடங்கும் மேட்டை அழுத்துங்கள். விலா அப்படித் தேடிப் பிடிக்க வேண்டியதாக இருந்தால் கொழுப்பு. விரித்த கையின் புறங்கைபோல, அழுத்தாமலே எலும்பு வரிசை தெரிந்தால் சரி. அப்புறம் மேலிருந்து பாருங்கள், இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்பக்கமாக மேலேற வேண்டும். அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை.

அக்கா அன்று பின்னேரமே செய்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "விலாவக் காணேல்ல தம்பி. ஆனா அவன் பார்க்கிற பார்வையப் பார்த்தா, மூண்டு நாள் சாப்பிடாதவன் மாதிரி."

எனக்குப் பிடித்த இடம் இந்தப் பார்வைதான்.

பசி என்பது வயிற்றுச் சமாச்சாரம் மட்டுமல்ல. உடலில் சேரும் கொழுப்பு 'லெப்டின்' என்ற ஓமோனைச் சுரக்கிறது. 'சேமிப்பு இருக்கிறது' என்ற செய்தியை அது இரத்தத்தில் ஏறி மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதிக்குக் கொண்டு போகிறது. அங்கேயுள்ள சில நரம்புக் கலங்கள் 'பி.ஓ.எம்.சி.' என்ற நீண்ட புரதத்தைச் செய்கின்றன. இதை ஒரு வாழைக்குலை என்று வைத்துக்கொள்ளுங்கள். குலையாக இருக்கும்வரை இதற்கு வேலை இல்லை. நொதியங்கள் வந்து சீப்புச் சீப்பாக வெட்டிய பிறகு ஒவ்வொரு சீப்பும் ஒவ்வொரு வேலைக்குப் போகும். ஒன்று சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியைத் தூண்டும். அல்பா எம்.எஸ்.எச். என்பதற்கு நிறத்திலும் பங்கு உண்டு, பசியிலும் பங்கு உண்டு. கீழ்ச் சீப்புகளில் ஒன்றான பீற்றா எம்.எஸ்.எச். 'போதும்' என்று சொல்லும். மற்றது, உடல் தானே செய்துகொள்ளும் வலிநிவாரணியான பீற்றா எண்டோர்பின்.

2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலனர் ரஃபானும் கூட்டாளிகளும் பல லாப்ரடோர்களில், பி.ஓ.எம்.சி.யைச் செய்யச் சொல்லும் பரம்பரையலகில் (மரபணுவில்) 14 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு நாயிடம் குறைந்தது ஒரு பிரதியாவது இப்படி. ஒவ்வொரு பழுதான பிரதிக்கும் சராசரியாக 2 கிலோவை ஒட்டி நிறை கூடியிருந்தது.

14 எழுத்து போனால் என்ன, மிச்சம் இருக்கிறதே என்று தோன்றலாம். பரம்பரையலகு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். இப்போது இந்த வசனத்தைப் பாருங்கள்: 'அம்மா நேற்று நண்டு தந்தா.' எல்லாம் மூன்றெழுத்து. இப்படியே நீளும் ஒரு வசனத்தில் 15 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு போனால் ஐந்து சொற்கள் முழுதாகக் குறையும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். 14 மூன்றால் வகுபடாது, மிச்சம் 2. ஆக, இரண்டு எழுத்தை எடுத்தது போன்ற கூத்து நடக்கும்: 'அம்மா றுநண் டுதந் தா.' வெட்டு விழுந்த இடத்துக்குப் பிறகு எல்லாம் உளறல்.

வெட்டு விழுந்ததோ குலையின் கீழ்ப்பாதியில். அதனால் மேல் சீப்புகள் பழுதில்லாமல் வருகின்றன. கீழே பீற்றா எம்.எஸ்.எச்.சும் எண்டோர்பினும்தான் கெடுகின்றன. முழுக் குலையும் இல்லாமல் பிறக்கும் மனிதக் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு அடங்காப் பசியோடு சிறுநீரகச் சுரப்பிக் கோளாறும், பெரும்பாலும் சிவந்த முடியும் இருக்கும். லாப்ரடோருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பார்ப்பதற்கு நல்ல சுகதேகி, பசி மட்டும் அடங்காது. ஆய்வுகூட எலிகள் இயல்பாகவே பீற்றா எம்.எஸ்.எச். செய்வதில்லை. ஆகவே எலியில் பார்க்க முடியாத ஒரு விஷயத்தை, நம் வீட்டு விறாந்தையில் படுத்திருக்கும் நாய் மனித வைத்தியத்துக்குக் காட்டித் தந்திருக்கிறது.

2024இல் அதே குழு இன்னொரு சோதனை செய்தது. வேண்டாம் என்று விலகும்வரை நாய்களுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டின் சாப்பாடு. எல்லாமே மலைமலையாகத் தின்றன, பழுதுள்ளவை கூடுதலாகத் தின்னவில்லை. பிறகு, நன்றாகச் சாப்பிட்டிருந்த நாய்களின் முன்னால், உள்ளே சொசேஜ் தெரியும் துளையுள்ள பெட்டியை வைத்தார்கள். அதைத் திறக்க அதிகம் பாடுபட்டவை பழுதுள்ளவைதான். கூடுதலாகத் தின்பதல்ல, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே வரும் பசிதான் அவற்றின் கோளாறு. அத்தோடு, சும்மா இருக்கும்போது அவை செலவிடும் சக்தியும் சுமார் 25 வீதம் குறைவு. 30 கிலோ நாய் ஓய்வில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 900 கிலோகலோரி எரிக்கும். அதில் கால்வாசி என்பது மூன்று துண்டுப் பாண் அளவு.

ரெக்ஸ் நடிக்கவில்லை அக்கா, அவனுக்கு உண்மையாகவே பசிக்கிறதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பசிக்கும் அவனுடைய தேவைக்கும் சம்பந்தமில்லை.

குறைத்துக் கொடுத்தால் பாவமில்லையா என்றால், 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாக, ஒரே ஈற்றுக் குட்டிகளாகவே எடுத்து வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சோடியில் ஒன்றுக்கு 25 வீதம் குறைவான தீன். 2002இல் வெளியான முடிவு: குறைத்துத் தின்றவை இடைநிலையாக 13 வருடம், மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்வும் பிந்தியே வந்தது. செலவழித்தது நாய்த்தீன் விற்கும் பியூரினா என்பதுதான் வேடிக்கை. குறைத்துப் போடு என்று நிரூபிக்க, தீன் விற்பவன் 14 வருடம் காத்திருக்கிறான். மூன்று வருடத்தில் அறிக்கை கேட்கும் நம் ஆராய்ச்சி நிதிமுறையில் ஒரு நாய்கூட கிழடாகாது.

எங்கள் பிரவுனி 34 கிலோவுக்குப் போனபோது நானும் குறைத்தேன், வாரத்துக்கு நிறையில் ஒரு வீதம் என்ற கணக்கில். இரண்டு மாதத்தில் இடுப்பு தெரிய, மாமிக்குப் பயம் பிடித்தது. நாவூறு பட்டுவிட்டது என்று கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். நான் வாக்குவாதப்படவில்லை. எத்தனை விரல் உள்ளே போகிறது என்று ஒவ்வொரு ஞாயிறும் பார்த்து எழுதினேன். அவ்வளவு நல்ல அளவுநாடா எனக்குக் கடையிலும் கிடைத்திருக்காது. 29 கிலோவில் கயிறு தளர்ந்து காது வழியாகக் கழன்றுவிட்டது. கச்சான் காற்றடிக்கும் மதியங்களில் முன்புபோல் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதும் குறைந்தது. கொழுப்பு ஒரு போர்வை, மட்டக்களப்பு வெயிலில் அதைப் போர்த்துக்கொண்டு யாரால் இருக்க முடியும்?

ஒன்று மட்டும்: சாப்பாடு கூட்டாமலே திடீரென்று நிறை ஏறினால் அது தைரொயிட் சுரப்பிக் கோளாறாகவும் இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டாமல் குறைக்கத் தொடங்க வேண்டாம்.

மற்றபடி சோற்றை அளந்து போடுங்கள், பிஸ்கட்டையும் மீன் தலையையும் அந்தக் கணக்குக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நெல் ஸ்டோருக்குக் கொண்டு போகும்போது பாணை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு துண்டு வெள்ளரிக்காய் கொண்டு போங்கள். அதற்கும் அவன் ஆடாமல்தான் நிற்பான்.