'ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்': தமிழில் எப்படிச் சொல்வது?

தேர்தல் முடிவுக்கு முந்தைய நாளோ பரீட்சை முடிவு வரும் காலையோ ஆங்கில நாளிதழ்களில் 'ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்' (on tenterhooks) என்ற தொடர் கண்ணில் படும். முடிவு என்னவோ என்று தவித்துக் காத்திருப்பதைச் சொல்லும் தொடர் அது. அதை 'ஆவலுடன் காத்திருக்கிறார்கள்' என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஒப்புவதில்லை. ஆவலில் இனிப்பு உண்டு. இந்தத் தொடரில் இருப்பது வலி.

டென்ட்டர் என்பது இங்கிலாந்தின் கம்பளித் துணித் தொழிலில் இருந்த நீண்ட மரச்சட்டம். நெய்த துணியில் எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கும். அதை அலசி, அடித்துத் துவைப்பார்கள். ஈரக் கம்பளியை அப்படியே உலரவிட்டால் சுருங்கிக் கோணிவிடும். ஆகவே திறந்தவெளியில் இந்தச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். துணியின் விளிம்பைக் கவ்விப் பிடித்த வளைந்த ஆணிகளே டென்ட்டர்ஹூக்ஸ். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் டென்ட்டர் கிரவுண்ட் என்ற தெருப்பெயர் இன்றும் இருக்கிறது. 'இழு, விறைப்பாக்கு' என்னும் பொருளுடைய லத்தீன் 'தெந்தெரே'தான் இதற்கு வேர். கூடாரத்தைக் குறிக்கும் டென்ட், நாம் அன்றாடம் சொல்லும் டென்ஷன் இரண்டும் அதே வேரில் பிறந்தவை. ஆணியில் மாட்டிய துணியின் நிலை மனித மனத்துக்கு ஏறியது பிறகு. 1748-இல் வெளிவந்த ஸ்மோலெட்டின் 'ராடரிக் ரேண்டம்' நாவலிலேயே இத்தொடர் இருக்கிறது.

தமிழில் நான் எடுப்பது 'இருப்புக் கொள்ளாமல்'. மாமாவை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன அன்று அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார், ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். அவர் ஆவலுடன் காத்திருந்தார் என்று எழுத யாருக்கு மனம் வரும்? அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உருவகமும் வேண்டுமென்றால் 'முள்ளின் மேல் இருப்பதுபோல்' பொருந்தும். ஆணிக்குப் பதில் முள், அவ்வளவுதான்.

'வழிமேல் விழி வைத்து' அழகான தொடர், ஆனால் அது வரவேண்டிய ஆளுக்காகக் காத்திருப்பது. வெளியூரிலிருந்து வரும் மகனுக்குச் சரி, மருத்துவ அறிக்கைக்குச் சரியில்லை. 'இருதலைக் கொள்ளி எறும்பு' இரண்டு பக்கமும் போக வழியில்லாத தவிப்பு. டென்ட்டர்ஹூக்ஸில் வழி அடைபடவில்லை. விடைதான் இன்னும் வரவில்லை.