எபேசுவின் உறுமாலும் நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு வீட்டுச் சந்திப்புக்குப் போனேன். 60 வயதைத் தாண்டிய அம்மா. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்றால் முதலில் வந்து பாய் விரிப்பவர் அவர்தான். மூன்று ஞாயிறாக ஆலயத்தில் காணவில்லை. வாசலைத் தாண்டியதுமே புண்ணின் வாடை அடித்தது. வலது காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். அலமாரியில் வேதாகமம், அதன் பக்கத்தில் ஜெப எண்ணெய் பாட்டில் இரண்டு. தலையணைக்கு அடியில் ஒரு கைக்குட்டை. ஏதோ ஒரு கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்ததாம்.

"சுகர் மாத்திரை போடுறீங்களாம்மா?"

"நிறுத்திட்டேன் ஐயா. எண்ணெய் பூசிட்டு மாத்திரையும் போட்டா அது அவிசுவாசம்னு சொன்னாங்க. 25 நாள் ஆச்சு."

அன்று சாயங்காலமே மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கூட்டம் நடத்தியவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதப்போவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வார்டில் படுத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "நீங்களே ஒரு தடவை பிரசங்கத்துல சொன்னீங்களே ஐயா, பவுலோட உறுமாலைப் போட்டதும் வியாதி போச்சுன்னு?"

உண்மை. சுகமளிக்கும் ஆராதனை ஒன்றில் அப்போஸ்தலர் 19:12-ஐ எடுத்துப் பேசியிருக்கிறேன். எபேசு பட்டணத்தில் பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுவந்து வியாதிக்காரர்மேல் போட, வியாதிகள் நீங்கின என்கிற வசனம் அது. அந்த வசனத்தோடு நிறுத்தியும் விட்டேன். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம். வேத வசனம் இல்லாமல் எந்தத் தவறான பழக்கமும் நம் சபைகளுக்குள் நுழைவதில்லை. ஒரு வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறது. ஆகவே 'வசனம் இருக்கிறதா' என்று கேட்டால் போதாது. அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பார்த்துவிடுவோம். 11ஆம் வசனம், "பவுலின் கைகளினாலே தேவன் விசேஷித்த அற்புதங்களைச் செய்தருளினார்" என்கிறது. விசேஷித்த என்ற சொல்லை நாம் எப்போதும் வேகமாகத் தாண்டிப் போகிறோம். அற்புதங்களிலேயே இவை வழக்கமில்லாதவை என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். அடுத்து, அந்த உறுமால்களும் கச்சைகளும் எங்கிருந்து வந்தன? பவுல் கூடாரம் செய்கிற தொழிலாளி. வேலை செய்கிறவன் வியர்வை துடைக்கிற துணியும் இடுப்பில் கட்டுகிற துணியும்தான் அவை. அவற்றை ஜெபித்துக் கொடுத்தனுப்பியதாக அங்கே எழுதியில்லை. பிற்காலச் சபைகள் இதைச் செய்ய வேண்டும் என்று தான் எழுதிய எந்த நிருபத்திலும் பவுல் கட்டளையிடவும் இல்லை. நடந்த ஒரு காரியத்தை வேதம் சொல்வது வேறு, நம்மைச் செய்யச் சொல்வது வேறு.

சரி, அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே வாருங்கள். பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரைச் சொல்லிப் பிசாசு துரத்தப் பார்த்த ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர் காயப்பட்டு ஓடுகிறார்கள். அதைப் பார்த்துப் பயந்த ஊர் ஜனங்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகக் கொளுத்துகிறார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. அதற்கும் கீழே, தியானாள் தேவியின் சின்ன வெள்ளிக் கோவில்களைச் செய்து விற்ற தெமேத்திரியு, பிழைப்பு போகிறதே என்று கலகம் கிளப்புகிறான். ஆக, எபேசுவில் சுவிசேஷம் போன பிறகு வீட்டில் இருந்த மந்திரப் பொருள்கள் வெளியே போயின, பக்தியைச் சரக்காக்கி விற்றவனின் வியாபாரம் ஆட்டம் கண்டது. இதே அதிகாரத்தின் ஒரு வசனத்தைக் காட்டி நாம் பாட்டிலையும் துணியையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

பணத்தைப் பற்றியும் இதே எபேசு சபையிடம் பவுல் பேசியிருக்கிறார். அதன் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து, "ஒருவனுடைய வெள்ளியையாகிலும் பொன்னையாகிலும் வஸ்திரத்தையாகிலும் நான் இச்சிக்கவில்லை" என்கிறார் (20:33). எண்ணெய்க்கு விலை இல்லை, காணிக்கைதான் என்று கூட்டம் நடத்துகிறவர்கள் சொல்லும் சமாதானத்தை இந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேதபாட வகுப்பில் இதைப் படித்தபோது எங்கள் எல்லாரையும் நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. பவுல் எபேசுவில் இருக்கச் சொன்ன இளம் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் அவருக்கு உறுமால் அனுப்பவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று அந்தக் காலத்து மருந்தை எழுதியனுப்பினார் (1 தீமோத்தேயு 5:23). துரோப்பீமு எபேசு ஊர்க்காரர். அவரைப் பற்றிப் பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). உறுமாலால் வியாதி நீங்கிய அதே வட்டாரம், அதே அப்போஸ்தலர். கூடவே இருந்த நண்பர் சுகமாகவில்லை. அதற்காகத் துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் யாராவது இதை முன்னமே வாசித்துக் காட்டியிருக்கலாம். நான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணெய் பூசி ஜெபிக்கவே கூடாதா? வேதம் சொல்லியிருக்கிறது, செய்ய வேண்டும். "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக" என்று யாக்கோபு 5:14 ஆரம்பிக்கிறது. வியாதிக்காரர் மேடையைத் தேடிப் போகவில்லை, அவரைத் தெரிந்த மூப்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அடுத்த வசனம், "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும், கர்த்தர் அவனை எழுப்புவார்" என்கிறது. எண்ணெய் எழுப்பும் என்று அங்கே இல்லை. இயேசு சொன்ன உவமையில் நல்ல சமாரியன் காயத்தில் வார்த்ததும் எண்ணெயும் திராட்சரசமும்தான். வைத்தியத்துக்கும் ஜெபத்துக்கும் நடுவில் வேதம் சண்டை மூட்டவில்லை. லூக்காவையே "பிரியமான வைத்தியன்" என்றுதான் பவுல் அழைக்கிறார்.

தேவன் பொருள்களைக் கொண்டு கிரியை செய்வதில்லையா என்று எங்கள் சேகரத்தில், அதாவது என் பொறுப்பில் உள்ள சபைகளில், ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பாம்பு கடித்தவர்களுக்காக வெண்கலச் சர்ப்பத்தை மோசே செய்தது தேவன் சொல்லித்தான். அதைப் பார்த்தவர்கள் பிழைத்ததும் உண்மை. ஆனால் பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, நிகுஸ்தான் என்று பேரிட்டார் (2 இராஜாக்கள் 18:4). வெறும் வெண்கலத் துண்டு என்று சொன்னதுபோல. தேவனே தந்த பொருளுக்கே அந்தக் கதி என்றால், அவர் தராததை என்ன செய்வது?

அதற்குப் பிறகு எங்கள் சேகரத்தில் சில காரியங்களை மாற்றினோம். எண்ணெய் பூசி ஜெபிக்கப் போனால் சபை ஊழியரான உபதேசியாரோ ஒரு மூப்பரோ கூட வருகிறார். எண்ணெயை வீட்டில் விட்டு வருவதில்லை. அந்த நாளில் காணிக்கைக் கவரும் வாங்குவதில்லை. இதில் சிலருக்கு வருத்தம்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். அப்புறம், பிரசங்கத்தில் ஒற்றை வசனத்தை எடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும் ஆராதனையில் வாசித்துவிடுகிறோம். நேரம் கூடுகிறது, பரவாயில்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். என் பிரசங்கத்தையும் அப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இந்தக் காரணத்துக்காகச் சுகர், பிரஷர், வலிப்பு, காசநோய் மருந்துகளை நிறுத்தியிருந்தால், முதலில் பாட்டிலைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பழைய மாத்திரையை நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்; எத்தனை நாள் நிறுத்தியிருந்தார் என்பதை மறைக்காமல் சொல்லி, டாக்டர் தரும் அளவில் தொடங்குங்கள். காலில் புண் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வர மறுத்தால் உங்கள் ஆயரையோ பாஸ்டரையோ கூப்பிடுங்கள். கூடவே ஆஸ்பத்திரிக்கு வருவதும் எங்கள் ஊழியம்தான்.