ரூகன் மாவட்டம் கலைக்கப்பட்டது எந்தச் சட்டப்படி?

ஜெர்மனியில் ஊரக மாவட்டம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் தனி வரவு செலவுத் திட்டமும் உடைய தன்னாட்சி அமைப்பாகும். அந்நாட்டு அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு மாவட்டம் என்ற அமைப்புக்குப் பாதுகாப்பு அளித்தாலும், குறிப்பிட்ட ஒரு மாவட்டம் என்றென்றும் நீடிக்கும் என்று உறுதி கூறவில்லை. பொதுநலன் கருதி, உரியவர்களின் கருத்தைக் கேட்டபின், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் அதைக் கலைக்கலாம். பால்டிக் கடலிலுள்ள ரூகன் தீவு மாவட்டம் 2011 செப்டம்பர் 4 அன்று இவ்வாறே கலைக்கப்பட்டது.

சுவீடனின் ஆட்சியிலிருந்த ரூகன், 1815இல் பிரஷ்யாவின் கைக்கு வந்து, பெர்கன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டமாயிற்று. கிழக்கு ஜெர்மன் அரசு 1952இல் அதைப் பெர்கன், புட்புஸ் என்று இரண்டாகப் பிரித்து, சில ஆண்டுகளிலேயே மீண்டும் ஒன்றாக்கியது. ரூகன் அமைந்துள்ள மெக்லென்பர்க்-மேற்குப் பொமரேனியா மாநிலம் 1994இல் தன் 31 ஊரக மாவட்டங்களை 12ஆகக் குறைத்தபோதும் ரூகன் தப்பியது.

மக்கள்தொகை சரிந்து நிர்வாகச் செலவு சுமையானதால், 2006இல் அம்மாநிலம் ஐந்தே பெரிய மாவட்டங்களை உருவாக்கச் சட்டம் இயற்றியது. ஆனால், மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 ஜூலை 26 அன்று அதைச் செல்லாது என்றது. மாவட்ட மன்ற உறுப்பினர் பதவி ஊதியமுள்ள வேலை அன்று. சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே மக்கள் பணியாற்றுபவர், அத்தனை பெரிய நிலப்பரப்பை அறிந்து பொறுப்பை நிறைவேற்ற இயலுமா என்பதையும் மாற்று வழிகளையும் சட்டமன்றம் போதிய அளவு ஆராயவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சிக்கனக் கணக்கை மட்டும் நோக்காமல் மக்களின் பங்கேற்பையும் எடைபோட்ட இத்தீர்ப்பு, இவ்வரலாற்றிலேயே மிக முக்கியமான கட்டம் என்பேன்.

அதன்பின் 2010இல் வந்த சட்டம் 12 ஊரக மாவட்டங்களையும், எந்த மாவட்டத்திலும் சேராத 6 தனி நகரங்களையும், 6 மாவட்டங்களாகவும் 2 தனி நகரங்களாகவும் மாற்றியது. ரூகன், மேற்குப் பொமரேனியாவின் வடபகுதி மாவட்டத்துடனும் ஸ்ட்ரால்சுண்ட் நகருடனும் இணைக்கப்பட, தலைமையிடம் தீவுக்கு வெளியே ஸ்ட்ரால்சுண்டுக்குச் சென்றது. புதிய மாவட்டத்தின் பெயரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததால், 'மேற்குப் பொமரேனியா-ரூகன்' என்பதில் தீவின் பெயர் நிலைத்தது.

பழைய மாவட்டத்தின் சொத்து, கடன், பணியாளர், ஒப்பந்தங்கள் ஆகியவை சட்ட வாரிசான புதிய மாவட்டத்தைச் சேர்ந்தன. முன்பு வழங்கப்பட்ட உரிமங்களும் நல உதவி ஆணைகளும், மாவட்டம் கலைந்தது என்ற காரணத்தால் மட்டும் காலாவதியாகவில்லை. வாகன எண் பலகைகளுக்குப் புதிய மாவட்டத்தின் குறியீடு வந்தது. 2012 நவம்பரில் கூட்டரசு விதி தளர்த்தப்பட்டதையடுத்து, விரும்புவோர் பழைய ரூகன் குறியீட்டையே மீண்டும் பெற வழி பிறந்தது.